புதைத்த பனியனில் மிஞ்சியது

தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருக்கும் வீட்டின் பின்பக்கம், சௌசௌ பந்தலுக்கு அருகே ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி ஒரு பனியனைப் புதைத்தேன். டீ-ஷர்ட்டைத்தான் சொல்கிறேன். திருப்பூர்க்காரனுக்குப் பின்னலாடை எல்லாமே பனியன்தான். மொரீஷியஸுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்தச் சொல் என் வாயிலிருந்து போகவில்லை.

நான் பேட்டர்ன் மாஸ்டர். டிசைனர் அனுப்பும் படத்தை வாங்கி, துணியில் வெட்டக்கூடிய பாகங்களாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. புதைத்த பனியனுக்கும் நான்தான் பேட்டர்ன் போட்டேன். ஆர்கானிக் பருத்தி, 100 சதவீதம் என்று லேபிளில் இருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் ஒரு பச்சை இலைப் படம். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்பும் என்கிற மாதிரி ஒரு வரி. சின்னக் குறைக்காகச் செகண்ட்ஸில் ஒதுக்கிய பீஸ் ஒன்று மேசையில் கிடந்தது. சரி, திரும்புகிறதா என்று பார்த்துவிடுவோம் என்று கேட்டு வாங்கி வந்தேன்.

வீட்டுக்கார அம்மா, காவடி அன்று ஏழு கறி பரிமாறிய வாழை இலைகளையும் அதே மூலையில்தான் கொட்டியிருந்தார். அந்த இலைகள் மாசி முடிவதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. இங்கே தை, மாசி, பங்குனி எல்லாம் வெயிலும் புயல் மழையும் சேர்ந்த காலம். நாங்கள் இருக்கும் வாக்வா என்ற ஊர், தீவின் நடு மேட்டுநிலத்தில் இருக்கிறது, ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. எதைப் போட்டாலும் சீக்கிரம் மக்கும்.

ஆடியில் தோண்டினேன். ஆடி இங்கே குளிர்காலம். தூறலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு நின்றது ஞாபகம் இருக்கிறது.

துணி போய்விட்டிருந்தது. அங்கங்கே சாம்பல் நிறத்தில் ஊறிய காகிதம் போலச் சில துண்டுகள், தொட்டால் கையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்தன. ஆனால் தையல் முழுசாக இருந்தது. ஒரு நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பக்கவாட்டுத் தையல், கைக்குழித் தையல், கீழ் விளிம்பை மடித்து அடித்த பேட்லாக் தையல் என எல்லாம் ஒன்றோடொன்று கோத்தபடி, பாம்பு உரித்துப் போட்ட சட்டை மாதிரி மண்ணிலிருந்து எழுந்து வந்தன. உடம்பு இல்லை, உடம்பின் கோடுகள் மட்டும் இருந்தன. தோள்பட்டை இரண்டிலும் கண்ணாடி போல ஒரு பட்டை. தோள் தொங்காமல் இருக்க உள்ளே வைத்துத் தைப்போமே, அந்த மொபிலான் டேப். இழுத்தால் இன்னும் நீண்டு சுருங்கியது. கழுத்துப் பட்டியில், அதாவது ரிப்பில், பருத்தி அழுகிப்போய், அதனோடு சேர்த்துப் பின்னியிருந்த, இழுபட்டுச் சுருங்கும் லைக்ரா இழைகள் நரைத்த முடிபோலச் சுருண்டு கிடந்தன.

கடைசியாக லேபிள். குழாயடியில் கழுவிப் பார்த்தேன். '100 சதவீதம் பருத்தி' என்ற எழுத்தில் ஒரு புள்ளிகூட அழியவில்லை. அந்த லேபிள் பாலியஸ்டர்.

ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, எங்கள் பாஷையில் பையர், பொய் சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஓர் ஆடையின் இழைக் கணக்கைப் போடும்போது தையல் நூல், லேபிள், பலத்துக்காக உள்ளே வைக்கும் பட்டை இவற்றையெல்லாம் சேர்க்க வேண்டியதில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. கழுத்து ரிப் ஒரு சின்னப் பாகம் என்று அதுவும் கணக்கில் வராமல் போகிறது. வாங்குகிறவர் கையில் வருவது சட்டப்படி சுத்தமான பருத்தி. மண்ணுக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஒரு பனியனில் நூறு மீட்டருக்கு மேல் தையல் நூல் ஓடுகிறது. அதை எடுத்து வைப்பதும், டேப் போடச் சொல்வதும், ரிப்பில் லைக்ரா எத்தனை சதவீதம் என்று எழுதுவதும் என் மேசையில் நடக்கும் காரியங்கள். அன்று குழாயடியில் நின்றபோது எனக்கு உறைத்தது அதுதான்.

வீட்டுக்கார அம்மாவிடம் அந்தத் தையல் கூட்டைக் காட்டினேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தாத்தா பாட்டி காலத்துத் தமிழில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 'தம்பி', 'சாப்பாடு', 'சாமி', கோயிலில் பாடும் பாட்டுகள். மீதிப் பேச்செல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. எனக்கு இப்போது கிரியோல் வந்துவிட்டதால் சிக்கல் இல்லை. (சௌசௌவுக்கு இங்கேயும் கிட்டத்தட்ட அதே பெயர்தான், 'ஷூஷூ'. முதல் வாரம் சந்தையில் அதைக் கேட்டதும் ஊரில் யாரோ பேசுவது போல இருந்தது.)

அவர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் பிரிக்கவே முடியாதே, எதற்கு இப்படித் தைக்கிறீர்கள்?" என்றார்.

அவர் கேட்டதில் ஒரு தொழில்காரரின் கேள்வி இருந்தது. 1970-இல் இந்த நாடு ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திரம் அடைந்து இரண்டே வருஷம். அதுவரை கரும்பை மட்டும் நம்பியிருந்த தீவு. ஹாங்காங்கிலிருந்து முதலீடு வந்தது. 1975-இல் லோமே ஒப்பந்தத்தால் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்ப வழி கிடைத்தது. கம்பளி ஸ்வெட்டர் தொழிற்சாலைகள் மேட்டுநிலம் முழுக்க முளைத்தன. கம்பளிக்குப் பேர்போகாத நாடு, கம்பளி நூலைக் கப்பலில் வரவழைத்து ஸ்வெட்டர் பின்னி உலகத்துக்கு அனுப்பியது. அந்தத் தொழிற்சாலைகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கார அம்மா அவர்களில் ஒருவர். லிங்கிங் பிரிவில் இருந்தவர்.

லிங்கிங் மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தட்டுபோல வட்டமான ஒரு வளையம், அதன் விளிம்பு முழுக்க மெல்லிய ஊசிமுனைகள். ஸ்வெட்டரின் உடம்பையும் கழுத்துப் பட்டியையும் எடுத்து, பின்னலின் ஒவ்வொரு கண்ணியாக, அதாவது நூல் வளையமாக, ஒவ்வொரு முனையில் மாட்ட வேண்டும். ஒரு கண்ணி தவறினாலும் ஓட்டை விழும். நாள் முழுக்க அதே வேலை. கண் போனது அதனால்தான் என்பார். வருத்தப்பட்டுச் சொல்ல மாட்டார், கணக்குச் சொல்வதுபோலச் சொல்வார்.

அந்த ஸ்வெட்டரின் பாகங்களைக் கத்திரி தொடவே தொடாது. கை எவ்வளவு அகலமோ, எங்கே குறுக வேண்டுமோ, அந்த அளவுக்குக் கண்ணியைக் கூட்டியும் குறைத்தும் மெஷினிலேயே வடிவத்தோடு பின்னி எடுப்பார்கள். ஃபுல்லி ஃபேஷன்ட் என்பது தொழில் பெயர். வெட்டு இல்லை, அதனால் வெட்டுக் கழிவும் இல்லை. இணைப்பும் சங்கிலித் தையல்தான், சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மளமளவென்று பிரிந்து வரும். பாகம் தப்பாகப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பிரிப்போம், சுற்றுவோம், மறுபடி பின்னுவோம். நூல் காசு கொடுத்து வாங்கினது இல்லையா?" என்றார். இன்று மாநாடுகளில் சுழற்சிப் பொருளாதாரம் என்று படம் போட்டு விளக்குவதை அவர் நாற்பது வருஷம் முன்பு கூலி வேலையாகவே செய்திருக்கிறார். ஜப்பானின் ஷீமா செய்கி 1995-இல் ஒரு முழு ஆடையைத் தையலே இல்லாமல் ஒரேயடியாகப் பின்னும் மெஷினைக் காட்டியது. அதன் வேரும் இதே யோசனைதான்.

நாங்கள் செய்யும் பனியனைப் பிரிக்க முடியாது. முப்பதாம் நம்பர் நூலில் மெல்லிய துணி, அதை அடுக்கிக் கத்தியால் வெட்டுகிறோம். ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே விளிம்பை இன்னொரு முறை நறுக்குகிறது. வெட்டுப்பட்ட நூல் சாண் நீளம், விரல் நீளம். அப்புறம் எதைப் பிரிப்பது?

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அம்மா பிறந்த ஊர் நொய்யல் கரையில், திருப்பூருக்குக் கிழக்கே. சின்ன வயதில் அங்கே போனால் தாத்தா இளநீர் வெட்டிக் கொடுப்பார். பிறகு ஒரு காலத்தில் அந்தத் தோப்பின் இளநீர் உப்புக் கரித்தது. கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் தோல் அரித்தது. பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். அதில் சாயத்தண்ணி தேங்கியது. விவசாயிகளே அணையைத் திறக்காதே என்று போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கிறவர்கள் மட்டும் திறக்கலாம் என்றது. அந்த வருஷம் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் துணி வருவது நின்றது, ஆர்டர் போனது, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் இங்கே வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

மூடியது சரிதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வேலை போனவன் என்கிற முறையில் சொல்கிறேன். ஆனால் எல்லோரும் சாயப்பட்டறைக்காரரை மட்டுமே திட்டினார்கள். அந்த அடர் நிறத்தைக் கேட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கு இதுதான். பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். அது துணியில் ஏற உப்பு வேண்டும். துணியை ஒரு தடவை தண்ணீரில் முக்கி எடுப்பதை பாத் என்போம். ஒரு கிலோ துணிக்கு ஒரு பாத்தில் 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஆக, ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. அந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியில் தங்காது, முழுக்கத் தண்ணீரோடு வெளியேறும். சாயத்திலும் ஒரு பகுதி துணியைப் பிடிக்காமல் தண்ணீரோடு சேர்ந்து கெட்டுப்போகும். அதைக் கழுவி எடுக்க மறுபடி மறுபடி பாத். கறுப்பு, நேவி, மெரூன் என்றால் உப்பும் கூடும், கழுவலும் கூடும். இளம் நிறம் என்றால் இரண்டும் குறையும். டிசைனர் திரையில் ஒரு நிறத்தைத் தொடும்போதே ஒரு கிணற்றின் சுவையையும் சேர்த்துத் தொடுகிறார். ஊரில் இப்போது பல சாயப்பட்டறைகள் ஆர்.ஓ. போட்டுத் தண்ணீரை மீட்டு, உப்புக் கரைசலையும் திரும்பப் பயன்படுத்துகின்றன. பெரிய மாற்றம்தான். ஆனாலும் நீரை ஆவியாக்க நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். முதலிலேயே கம்மியாக உப்புப் போட்டால் அந்த நெருப்பும் கம்மி.

இனி என் மேசை. பேட்டர்ன் பாகங்களைத் துணி அகலத்துக்குள் எப்படி நெருக்கி அடுக்குகிறோம் என்பதுதான் மார்க்கர். அடுக்கியதில் எத்தனை சதவீதம் ஆடையாகிறது என்பது எங்களுக்கு மார்க் மாதிரி. போன வருஷம் ஒரு ஸ்டைல் வந்தது. முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் ஆழமான ஆப்பிள் கட் பாட்டம், பக்கவாட்டில் 6 சென்டிமீட்டர் ஏறி வளையும். படத்தில் அழகாகத்தான் இருந்தது. மார்க்கர் போட்டால் 81 சதவீதத்துக்கு மேல் நகரவில்லை. இரண்டு வளைவுகளுக்கு நடுவே மீன் வடிவத்தில் ஓர் இடைவெளி, அதில் ஒரு கைப்பட்டிகூட அடங்காது.

இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வளைவை இரண்டரை சென்டிமீட்டராகக் குறைத்து, பக்கத் தையலைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். துணியின் டயாவை, அதாவது அகலத்தை, மார்க்கருக்குத் தகுந்தபடி மாற்றச் சொன்னேன். 86 வந்தது. பனியனின் எடை 150 கிராம். முதலில் ஒரு பீஸுக்கு 185 கிராம் துணி வேண்டியிருந்தது, இப்போது 174. ஆர்டர் 20,000 பீஸ். 200 கிலோவுக்கு மேல் துணி மிச்சம். அந்தத் துணியைப் பின்னவும் இல்லை, சாயம் போடவும் இல்லை. மேலே சொன்ன கணக்கில் ஒரு பாத்துக்கே 1,700 லிட்டர் தண்ணீர், 100 கிலோ உப்பு. பையரோடு பேசுகிற எங்கள் மெர்ச்சண்டைசர் சாம்பிளை அனுப்பி வைத்தார். வளைவு குறைந்ததை டிசைனர் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை, ஒப்புதல் வந்துவிட்டது.

திருப்பூரில் இருந்தபோது கட்டிங் வேஸ்டைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்பட்டதில்லை. அங்கே அதற்கு ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. நிறம் பிரித்து வாங்கிப் போவார்கள், கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்குவார்கள், மிஞ்சினால் மெஷின் துடைக்கப் போகும். இங்கே அந்தச் சங்கிலி மிகச் சின்னது. பருத்தி கப்பலில் வருகிறது, துண்டுத் துணியையும் மறுபடி கப்பலில் ஏற்றினால்தான் பெரிய அளவில் நூலாகும். இல்லையென்றால் மார் ஷிகோஸ். 1997-இலிருந்து நாட்டுக்கே இருக்கும் ஒரே குப்பைக் கிடங்கு அது. தீவில் 'தூரத்தில் கொட்டிவிடலாம்' என்பதற்கு இடமே கிடையாது. எங்கே போட்டாலும் யாரோ ஒருவரின் கொல்லைப்புறம்தான்.

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வாக்வா என்பது நம் தாழையின் இனத்தைச் சேர்ந்த மரம். அந்த ஓலையில் முடைந்த பையில்தான் ஒரு காலத்தில் இந்தத் தீவின் சர்க்கரை கப்பல் ஏறியது. பிறகு கற்றாழை நார்ச் சாக்கும் சணல் சாக்கும் வந்தன. 1980-இல் போர்ட் லூயிஸில் மொத்தச் சர்க்கரைக்கான முனையம் திறந்ததும் சாக்குக்கே வேலை இல்லாமல் போனது. வீட்டுக்கார அம்மா இன்னும் சந்தைக்கு எடுத்துப் போவது வாக்வா ஓலைக் கூடைதான், 'தாந்த்' என்பார்கள். கைப்பிடி இற்றுப்போனால் கைப்பிடியை மட்டும் மாற்றிக்கொள்வார். 2016-இல் அரசாங்கம் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபோது அவருக்கு எதுவும் மாறவில்லை.

குழியைத் தோண்டிய மறுநாள் தையல் நூலிலிருந்து ஆரம்பித்தேன். சாம்பிள் ரூமில் ஒரு தையல் தம்பி இருக்கிறார், பெருமாநல்லூர்ப் பக்கம். பருத்தித் தையல் நூலை அவர் ஓவர்லாக்கில் ஏற்றிக் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில், "அண்ணா, இதுல ஓட்ட முடியாதுங்ணா, அறுந்துக்கிட்டே இருக்குது" என்றார். உண்மைதான். நிமிஷத்துக்கு 6,000 தையலுக்கு மேல் ஓடும் மெஷின், பாலியஸ்டர் நூலை நம்பி உருவானது. பருத்தி நூலுக்கு அந்தப் பலமும் இல்லை, அந்த இழுவையும் இல்லை. வேகத்தை 4,500-க்குக் குறைத்தோம். டென்ஷனைத் தளர்த்தினோம். ஊசியை மாற்றினோம். அறுவது நின்றது. அடுத்து வேறொரு பிரச்சினை. பனியனைத் தலைவழியாகப் போடும்போது துணி விரிகிறது, தையல் விரியாமல் பட்டென்று தெறிக்கிறது. ஓர் அங்குலத்துக்கு விழும் தையலைக் கூட்டினோம். நூல் கூடுதலாகப் போகும், ஆனால் ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். நாலாவது சாம்பிளை அந்தத் தம்பியே போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்து, "இப்ப பரவால்லைங்ணா" என்றார்.

மொபிலான் டேப்பை எடுத்துவிட்டு அதே துணியில் செல்ஃப் டேப் வைத்தோம், மார்க்கரில் மிஞ்சும் ஓரத்திலேயே அது கிடைத்துவிட்டது. லேபிளைத் தைக்காமல் கழுத்தின் உள்பக்கம் பிரிண்ட் செய்தோம். இது ஏற்கெனவே பலரும் செய்வதுதான், கழுத்து அரிக்காது என்பதற்காக. கழுத்து ரிப்தான் மசியவில்லை. லைக்ரா இல்லாமல் பின்னிய ரிப், மூன்று சலவையில் வாய் பிளந்துவிட்டது. நெருக்கமான கேஜில், அதாவது கண்ணிகள் இன்னும் நெருங்கி விழும்படி, பின்னினால் நிற்குமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கழுத்து தொங்கிப்போன பனியனை யாரும் போடமாட்டார்கள். ஒரு வருஷம் உழைக்க வேண்டியது மூன்று சலவையில் குப்பைக்குப் போனால், அது மண்ணில் எவ்வளவு அழகாக மக்கினாலும் எனக்குச் சம்மதமில்லை. மக்குவதற்காகச் செய்கிற பொருளுக்கும் முதல் கடமை உழைப்பது.

தையல் நூலுக்கும் குறைந்த வேகத்துக்கும் சேர்த்து ஒரு பீஸுக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு, தோண்டி எடுத்த தையல் கூட்டின் படத்தோடு பையருக்கு அனுப்பச் சொன்னேன். பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. லேபிள் பிரிண்ட், சரி. செல்ஃப் டேப், சரி. நூலை அடுத்த சீசனில் பார்க்கலாம். அட்டையில் இருந்த அந்த வரியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை எடுக்கச் சொல்லி மறுபடி எழுதும்படி மெர்ச்சண்டைசரிடம் கேட்டிருக்கிறேன்.

நாலாவது சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து அதே குழியில் புதைத்தேன். கழுத்தில் 5 சதவீத லைக்ராவோடுதான் போயிருக்கிறது. வீட்டுக்கார அம்மா துணி காயப்போடும் கொடிக் கம்பு ஒன்றை அடையாளத்துக்கு நட்டு, அதில் சௌசௌக் கொடியை ஏற்றிவிட்டார். தை வரைக்கும் அந்தப் பக்கம் மண்வெட்டி போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.